இரண்டு இரவுக்கு மட்டும் ஓர் அறை

என் அக்கா பீயுன் ஒரே ஒரு "வேண்டாம்" சொல்லிவிட்டு, அதற்காக இரண்டு மாதம் என் உயிரை வாங்கினாள்.

அவள் மகள் ஜிங்வென் ஹாலந்தில், ஹார்லெம் என்கிற ஊரில் இருக்கிறாள். அக்கா பள்ளிக்கூடச் சமையல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், வசந்தத்தில் நாங்கள் இருவரும் அங்கே ஒரு நடை போய்வருவதென்று முடிவாயிற்று. முடிவு செய்தவள் நான். அக்காவை விட்டால் இன்னும் பத்து வருஷம் வானிலை சரியில்லை என்றே சொல்லிக்கொண்டிருப்பாள். டிக்கெட் எடுத்த அன்று வீடியோவில் கூப்பிட்டுச் சொன்னோம். ஜிங்வென் கொஞ்சம் தயங்கினாள். அப்புறம், "ரெண்டு பேரும் எங்க வீட்டுலயே தங்கிக்கலாம்மா. மாடில ஒரு ரூம் சும்மாதான் இருக்கு" என்றாள்.

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம். ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றாள் அக்கா.

"சரிம்மா" என்றாள் ஜிங்வென்.

அவ்வளவுதான். பேச்சு குளிருக்கு என்ன எடுத்துவருவது என்பதற்குப் போய்விட்டது.

எங்கள் சியாயி ஊரில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்: முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாவது அடக்கத்துக்கு, மூன்றாவது தடவை கேட்டால்தான் பதில். சாப்பாட்டுக் கடையில் பில்லைப் பிடுங்கிக்கொள்வதும், பழக்கூடையை வாசல்வரை தள்ளித் தள்ளிக் கொடுப்பதும் இந்தக் கணக்கில்தான். எங்கள் வீட்டில் ஒரு பேரிக்காய்த் துண்டைக்கூட முதல் தடவை நீட்டும்போதே எடுத்தவர் கிடையாது.

போனை வைத்ததும் அக்கா என் பக்கம் திரும்பினாள். "பாத்தியா? ஒரு தடவ வேண்டாம்னா அப்படியே விட்டுடுவாளா? பெத்த அம்மாடி நான்!"

"தங்கணும்னு ஆசைதானே? அப்பறம் ஏன் வேண்டாம்னே?"

"கேட்ட ஒடனே சரின்னு சொல்ல நான் என்ன அலையறேனா?"

இதில் இன்னொரு வேதனையும் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஜிங்வென் அங்கேயே ஒரு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, யோரிஸ் என்கிற அந்த ஊர்க்காரனைக் கல்யாணம் செய்துகொண்டாள். முடிந்த பிறகுதான் போனில் சொன்னாள். ஊரில் எல்லார் வீட்டு விருந்திலும் உட்கார்ந்து சாப்பிட்ட அக்காவால், தன் ஒரே மகளுக்காக ஒரு விருந்து மேசை போட முடியவில்லை. அத்தான் வேறு எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். தனியாக வளர்த்தவளுக்கு எப்படி இருக்கும்? கோபத்தில், "எனக்கு மகளே இல்லன்னு நெனச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு வாரம் ஒரு தடவை பேச்சு. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், நீ, நானும். அவ்வளவுதான்.

ஆகவே எங்கே தங்குவது என்று தேடத் தொடங்கினோம்.

எனக்குச் சொந்தமாக ஒரு காலைச் சிற்றுண்டிக் கடை இருக்கிறது. முட்டை ரொட்டியும் சோயாப் பாலும். கூட்டம் கலைந்ததும் அக்கா மூலை மேசையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். போனில் எங்கள் குடும்ப அரட்டைக் குழுவில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பஸ்ஸில் ஐரோப்பா முழுவதையும் ஒரே வாரத்தில் பார்த்துவிட்டு வந்த எங்கள் தம்பி, விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே தங்கினால்தான் புத்திசாலித்தனம் என்றான். ஆம்ஸ்டர்டாம் ரயில் நிலையத்தருகே நம்மவர் நடத்தும் விடுதி இருக்கிறது, காலையில் கஞ்சி கிடைக்கும் என்றாள் சித்தி மகள். நான் ஒரு படகைக் கண்டுபிடித்திருந்தேன். ஆற்றோரம் கட்டிப் போட்ட படகு, உள்ளே கட்டில், வெள்ளைத் திரைச்சீலை, சன்னலுக்கு வெளியே வாத்துகள்.

"முட்டை ஒடைச்சு ஒடைச்சே என் வாழ்க்கை போச்சுக்கா. பன்னெண்டு நாள் வாத்து பக்கத்துல தூங்கிட்டு வரேனே" என்றேன்.

"தண்ணி மேல படுத்தா எனக்கு வயத்தப் பொரட்டும்."

இப்படியே எல்லாவற்றையும் தட்டிக் கழித்தாள். இது நாலாவது மாடி, எங்கள் ஊரில் நாலு என்றால் சாவு, ஆகாது. இது தாழ்வாரத்துக் கடைசி அறை, ஆவிகள் ஒதுங்கும், ஆகாது. கட்டிலுக்கு எதிரே கண்ணாடி, தூங்குவது எப்படி. பாத்ரூம் அலமாரி மாதிரி இருக்கிறது. நானும் ஒரு மாதம் இதையெல்லாம் நம்பினேன். ஒரு நாள் சோயாப் பால் வைக்கப் போனவள் அவள் போனை எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு விடுதியிலிருந்தும் மகள் வீட்டுக்கு எத்தனை நிமிஷ நடை என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது மட்டுமா? அந்த வரைபடத்தில் தெருவையே படமாகக் காட்டுமே, அதில் விரலால் நடந்துகொண்டிருந்தாள். பாலத்தில் ஏறி, இறங்கி, சைக்கிள் கடை தாண்டி, நீலக் கதவு வைத்த ஒரு ஒடுக்கமான வீட்டின் முன் போய் நின்றாள். ஒரு தடவை வந்த வழியாகத் தெரியவில்லை. தினமும் போய்ப் பழகிய வழியாக இருந்தது.

"இங்க பாருடி" என்று படத்தைப் பெரிதாக்கினாள். கீழ்த்தளத்துச் சன்னலுக்கு உள்ளே யாரோ நிற்பது தெரிந்தது. முகத்தை மறைத்துக் கலங்கலாக்கி வைத்திருந்தார்கள். "ஜிங்வென்தான் இது. ஒத்தக் கால்ல நிக்கறா பாரு. சின்னதுலேர்ந்தே அப்படித்தான் நிப்பா."

நான் மேசையைத் துடைக்கத் தொடங்கினேன். தலையைத் தூக்காமல், "அப்ப ரெண்டு தெரு தள்ளி ஒரு ஓட்டல் இருக்கே, அத எடுத்துக்க" என்றேன்.

"ரொம்பக் கிட்ட. வேவு பாக்க வந்திருக்கோம்னு நெனப்பா."

"ஆத்துக்கு அந்தப் பக்கம்?"

"ரொம்பத் தூரம். மழை பெஞ்சா வராம இருக்க அவளுக்குச் சாக்காயிடும்."

கடைசியில் ஒரு பாலம் தள்ளி ரொட்டிக் கடைக்கு மேலே சின்னதாக ஒரு விடுதி அகப்பட்டது. மகள் வேலைக்குப் போகும்போது எட்டிப் பார்க்கலாம். ஆனால் அவள் சன்னலிலிருந்து நாங்கள் தெரிய மாட்டோம். "நானே புக் பண்ணிக்கிறேன், நீ மூக்க நொழைக்காத" என்று சொல்லிவிட்டுப் போனை மார்போடு அணைத்துக்கொண்டு பொத்தான்களை அழுத்தினாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

விமான நிலையத்தில் ஜிங்வென் காத்திருந்தாள். மெலிந்திருந்தாள். தாயும் மகளும் நடுவில் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"சாப்பிட்டியாம்மா?"

"பிளேன்ல சாப்பிட்டேன். நீ?"

"சாப்பிட்டேன்."

இதற்காகவா பூமியின் பாதியைக் கடந்து வந்தோம்? இருவரையும் ஒரே அறையில் பூட்டிச் சாவியை ஆற்றில் எறிய வேண்டும் போலிருந்தது.

ஜிங்வென் எங்களோடு விடுதி அறை வரைக்கும் வந்தாள். அக்கா கதவைத் திறக்கவில்லை. அந்நிய ஊரில் புது அறைக்குள் எப்படி நுழைய வேண்டுமோ அப்படி, ஓரமாக நின்று கதவைத் தட்டினாள். "மன்னிக்கணும். கொஞ்ச நாள் தங்கிட்டுப் போயிடறோம். ஒங்களுக்குத் தொந்தரவு தர மாட்டோம்" என்று உள்ளே இருக்கக்கூடிய ஆவிகளுக்குச் சொல்லிவிட்டு, அவை ஒதுங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் கொடுத்தாள்.

ஜிங்வென் சிரித்துவிட்டாள். "இங்க இருக்கறதுங்களுக்கு நம்ம பாஷை புரியாதும்மா."

"மரியாதை புரியும்" என்றாள் அக்கா.

உள்ளே வந்து ஜிங்வென் கட்டிலைத் தொட்டுப் பார்த்தாள், சன்னலைத் திறந்து மூடினாள். "நல்ல ரூமாத்தான் எடுத்திருக்கே" என்றாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. நாளை சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குச் சாப்பிட வரும்படியும், யோரிஸ் சமைக்கிறான் என்றும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். சொந்த மகள் தாய்க்கு அப்பாயின்ட்மென்ட் கொடுத்துவிட்டுப் போகிறாள் என்று அக்கா கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்.

மறுநாள் காலை நான் கீழே ரொட்டி வாங்கப் போனபோது, விடுதிக்காரி போனில் ஏதோ தட்டி எங்கள் எழுத்தில் மாற்றிக் காட்டினாள். நாளை காலை அறையைக் காலி செய்ய வேண்டுமாம். தவறாக மாற்றியிருக்கிறது என்று விரல்களை விரித்துப் பன்னிரண்டு நாள் என்று காட்டினேன். அவள் இரண்டு விரலைக் காட்டினாள். இன்னும் தங்கலாமா என்றால், ஊரில் பூ ஊர்வலமாம், வாரம் முழுவதும் எங்கேயும் ஓர் அறைகூடக் கிடையாதாம்.

ரொட்டியை வாங்காமலேயே மேலே ஏறினேன்.

"பன்னெண்டு நாளைக்கு வந்திருக்கோம். ரெண்டு ராத்திரிக்கு ரூம் போட்டிருக்கே. மிச்ச நாளெல்லாம் பாலத்துக்கு அடியிலயா படுக்கறது? உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

அக்கா தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தாள். "ரெண்டு நாளுக்குள்ள திரும்பக் கேட்டுடுவான்னு நெனச்சேன்."

கத்துவதற்குத் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன். மூலையில் அவள் பெட்டி கட்டிய பெல்ட்டைக்கூட அவிழ்க்காமல் நின்றுகொண்டிருந்தது. கைப்பையில் இருந்த ஒரு மாற்றுடுப்பை வைத்தே சமாளித்திருக்கிறாள். களைப்பாக்கும் என்று நினைத்த என் புத்தியைத்தான் சொல்ல வேண்டும்.

"கேக்கலன்னா?"

"கேக்கலன்னா தெரிஞ்சுடும் இல்ல, எனக்கு அங்க எடம் இல்லன்னு. டிக்கெட்ட மாத்திக்கிட்டுப் போயிடலாம்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நீ அவகிட்ட ரூம் விஷயத்தச் சொல்லக் கூடாது. போக்கிடம் இல்லாம வந்து நிக்கறேன்னு எடம் குடுக்க வேண்டாம். அவளாக் கேக்கணும்."

என் அக்காவைப் போல ஒரு பிடிவாதக்காரி இந்த உலகத்தில் ஒருத்திதான் இருக்கிறாள். அவளுக்கு ஹார்லெமில் நீலக் கதவு வைத்த வீடு.

சாயங்காலம் வெயில் பளிச்சென்று இருந்தது. வரைபடம் பார்க்காமலேயே அக்கா என்னை அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கதவைத் திறந்த யோரிஸ் தன் வீட்டு நிலையிலேயே தலை இடிக்காமல் குனிய வேண்டிய உயரம். எங்கள் மொழியை வகுப்புக்குப் போய்க் கற்றிருந்தான். செய்தி வாசிப்பவன் மாதிரி பேசினான்.

"அத்தை அவர்களே, சித்தி அவர்களே, தங்கள் வருகை எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி அளிக்கிறது."

"மாப்ளே, எனக்கு அவ்ளோ மரியாதை வேண்டாம். பழக்கமில்ல" என்றேன்.

"சரி" என்று உடனே ஒப்புக்கொண்டான். எனக்குப் பிடித்துவிட்டது.

மேசையில் வெள்ளைத் தண்டு போல ஒரு காய், வேகவைத்த உருளைக்கிழங்கு, முட்டை, பன்றி இறைச்சி, மேலே உருக்கிய வெண்ணெய். நன்றாகத்தான் இருந்தது. அக்கா நிதானமாகச் சாப்பிட்டாள். தட்டு காலியானதும் யோரிஸ் பாத்திரத்தை நீட்டி, "இன்னும் வேண்டுமா, அத்தை?" என்றான்.

"போதும், வேண்டாம்."

அவன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் அடுப்பங்கரையில் வைத்துவிட்டான். அக்காவின் கண் அந்த உருளைக்கிழங்கோடு கடைசிவரை போனது. காப்பி வந்தது, ஆளுக்கொரு பிஸ்கட் வந்தது. இன்னொன்று வேண்டுமா என்றான். வேண்டாம் என்றாள். டப்பாவை மூடிவிட்டான். இந்த வேகத்தில் போனால் என் அக்கா பட்டினியிலேயே போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று தோன்றியது.

"ஓட்டல் சௌகரியமா இருக்காம்மா?" என்று ஜிங்வென் கேட்டாள்.

"ரொம்ப சௌகரியம்."

"அப்ப நல்லது" என்று அவள் மேசைவிரிப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா சன்னலைப் பார்த்தாள். சொல்லக் கூடாது என்று கட்டிப்போட்ட நாக்கு எனக்கு வாய்க்குள் புழுவாய் நெளிந்தது. இனி உட்கார்ந்தால் உளறிவிடுவேன் என்று பாத்ரூம் எங்கே என்று கேட்டு எழுந்தேன்.

மாடியில் இருந்ததாம். அந்தப் படியை ஏணி என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு கையாலும் பிடித்து ஏறி, முதலில் இருந்த கதவைத் திறந்தேன். பாத்ரூம் இல்லை.

சுத்தமாக விரித்த இரண்டு கட்டில்கள். ஒன்றின்மேல் உமி அடைத்த கடினமான தலையணை. அது இல்லாமல் அக்காவுக்குத் தூக்கம் வராது. அந்த நாட்டில் அதை எங்கே போய்த் தேடினாளோ. கட்டிலடியில் இரண்டு ஜோடி வீட்டுச் செருப்பு, விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. சன்னல் மேடையில் சுடுதண்ணீர் பிளாஸ்க். குளிக்கும்போது உட்கார ஒரு குட்டி பிளாஸ்டிக் முக்காலி. பிளாஸ்க் மூடியை விரலால் தொட்டுப் பார்த்தேன். தூசி ஒட்டியது. நேற்றோ முந்தாநாளோ வாங்கி வைத்ததில்லை.

வந்த வேலையை மறந்து இறங்கினேன். இறங்கினேன் என்ன, பாதி சறுக்கினேன்.

"ஏண்டி ஜிங்வென், மாடில யாருக்கு ரெண்டு கட்டில்?"

அவள் வாயைத் திறக்குமுன் யோரிஸ் பதில் சொன்னான். "உங்களுக்காக. இரண்டு மாதங்களாகத் தயாராக உள்ளது. ஒருநாள் வருவீர்கள் என்று, கேட்பதற்கு முன்பே அவள் தலையணையை வாங்கிவிட்டாள். ஆனால் அத்தை வேண்டாம் என்று கூறினார்."

அக்கா மகளைப் பார்த்தாள். "அப்பறம் ஏண்டி திரும்பக் கேக்கல? நம்ம வழக்கம் கூடவா மறந்துபோச்சு?"

"மறக்கலம்மா." ஜிங்வெனின் குரல் உடைந்துவிட்டது. "வேற யார் வேண்டாம்னு சொன்னாலும் எனக்குப் புரியும். நீ சொல்ற வேண்டாம்ல எது மரியாதை, எது கோபம்னு இப்ப எனக்குத் தெரியறதில்ல. மகளே இல்லன்னு சொன்னே. திரும்பக் கேட்டு நீ திரும்ப வேண்டாம்னு சொல்லிட்டா, அப்ப அது நெசமாயிடும் இல்ல? அதான் பயந்துட்டேன்."

அக்காவின் முகம் கன்றிச் சிவந்தது. நாளைக்குத் தங்க இடமில்லாமல் தானும் அதே பயத்தோடுதான் உட்கார்ந்திருப்பதாகச் சொல்ல வேண்டியதுதானே? சொல்ல மாட்டாள். செத்தாலும் சொல்ல மாட்டாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"மாப்ளே, கேட்டுக்க" என்றேன். "எங்க ஊர்ல எதையும் மூணு தடவ கேக்கணும். முதல் ரெண்டு வேண்டாமும் கணக்குலயே சேராது. உருளைக்கெழங்குக்கும் அதே சட்டந்தான்."

அவன் அதை மிகக் கவனமாக யோசித்தான். "ஆகவே ஒரு தடவை முடிந்துவிட்டது. இரண்டு மீதம் இருக்கின்றன." நிமிர்ந்து உட்கார்ந்து அக்கா பக்கம் திரும்பினான். "அத்தை, தயவுசெய்து எங்கள் இல்லத்தில் தங்குவீர்களா?"

"ஐயோ, வேண்டாம் தம்பி, ஒங்களுக்கு எதுக்குச் சிரம..."

மேசைக்கு அடியில் அவள் தொடையைத் திருகினேன். அவள் வாய் பாதியில் நின்றது. என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. ஐம்பது வருஷப் பழக்கம், அவளை முந்திக்கொண்டு ஓடிவிட்டது.

யோரிஸ் ஒன்றும் பதறவில்லை. "இரண்டு" என்று விரலை மடக்கிவிட்டு, மூன்றாவதைத் தான் கேட்காமல் நாற்காலியில் சாய்ந்து மனைவியைப் பார்த்தான். அவன் முட்டாள் இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஜிங்வென் தலை நிமிரவில்லை. பிரித்த நூலை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். இவள் கேட்காவிட்டால் நாளைக்கு நாங்கள் விமானம் ஏறிவிடுவோம், அப்புறம் சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அதுவும் எத்தனை வருஷத்துக்கோ. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது பக்கத்தில் இருந்த எனக்குத் தெரிந்தது.

"அம்மா" என்றாள் ஜிங்வென். "இங்க இரு."

தயவுசெய்து இல்லை, தங்குவீர்களா இல்லை. மழை வரும்போது வெளியே ஓடும் குழந்தையிடம் சொல்வது மாதிரி சொன்னாள்.

அக்கா தொண்டையைச் செருமினாள். "மாடில சுடுதண்ணி வருமா?"

"வரும்மா."

"அந்த ஏணில என் பெட்டிய யாரு தூக்கறது?"

யோரிஸ் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டான். முன்னால் பெட்டி வைத்த சைக்கிள் ஒன்று இருக்கிறது, இப்போதே கொண்டுவந்துவிடுகிறேன் என்றான். எல்லாவற்றையும் அடுக்கி முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்டான்.

"என்னுதுதான் கெடக்கு. அவ பெட்டிய நீ அப்படியே தூக்கிட்டு வந்துடலாம், மாப்ளே" என்றேன். "வந்ததுலேர்ந்து தொறக்கவே இல்ல. ரூமும் ரெண்டு ராத்திரிக்குத்தான் போட்டிருந்தா." அதுவரை வாயைக் கட்டிப்போட்டிருந்தது போதும்.

ஜிங்வென் தாயை நிமிர்ந்து பார்த்தாள். அக்கா கூரையில் தொங்கிய விளக்கைப் பார்த்தாள். பிறகு ஜிங்வென் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய் உருளைக்கிழங்குப் பாத்திரத்தை எடுத்துவந்து, ஒன்றும் கேட்காமல் தாயின் தட்டில் மூன்று கிழங்கை வைத்தாள். அக்கா மூன்று கிழங்கையும் தலை நிமிராமல் தின்றாள். கண்ணீர் கிழங்கின்மேல் விழுந்ததை நாங்கள் யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

யோரிஸும் நானும் பெட்டிகளோடு திரும்பி வந்தபோதும் வெளிச்சம் போகவில்லை. அக்கா முன்னால் ஏறினாள், இரண்டு கையும் ஊன்றி, வழியெல்லாம் இந்த ஊர்த் தச்சர்களைத் திட்டிக்கொண்டு. பின்னால் ஜிங்வென், அவளுக்குப் பின்னால் நான். அறை வாசலுக்கு வந்ததும் அக்கா வழக்கம்போல ஓரமாக ஒதுங்கி நின்றாள், தட்டுவதற்குக் கையைத் தூக்கினாள்.

தூக்கிய கை அப்படியே நின்றது. பிறகு அதை இறக்கி, உடுப்பில் துடைத்துக்கொண்டு, கதவைத் தள்ளி நேராக உள்ளே போனாள்.

"தட்டலியாம்மா?" என்றாள் ஜிங்வென் படியில் நின்றபடியே.

உள்ளேயிருந்து செருப்பின் விலைச் சீட்டைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.

"எதுக்குத் தட்டணும்? எம் பொண்ணு வீடு" என்றாள் அக்கா.